வீடு முழுக்கப் பாட்டு, சாவி மட்டும் ரொறன்ரோவில்

திருநெல்வேலியில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிற வீட்டில், வீட்டுக்கார அன்ரியின் சாமியறையில் ஒரு பேச்சுப் பெட்டி இருக்கிறது. அதின்ட தம்பிகள் மாதிரி இன்னும் இரண்டு சின்னப் பெட்டிகள், ஒன்று குசினியில், மற்றது முன் விறாந்தையில். மூன்றுக்கும் மேல் அன்ரி கையால் பின்னின துணி போட்டு மூடி வைத்திருக்கிறா. வடிவுக்கு என்று நினைக்காதேங்கோ. பாடாத பெட்டியில் தூசியாவது படாமல் இருக்கட்டும் என்றுதான்.

ரொறன்ரோவில் இருக்கிற மகன் அனுப்பின சாமான். வந்த புதிதில் வீடே அதிசயப்பட்டது. இங்கிலிசில் ஒரு வசனம் சொன்னால் மூன்று இடத்திலும் ஒரே பக்திப்பாட்டு ஒரே நேரத்தில் போகும். விடிய அன்ரி பூப்பறிக்கப் போனாலும் பாட்டுக் கேட்கும், தேத்தண்ணி வைக்கப் போனாலும் கேட்கும். ஆறு மாதம் நல்லாத்தான் ஓடினது. பிறகு மகன் போன் மாற்றினார், பெட்டிகள் அவருடைய கணக்கில் இருந்து வெளியே வந்துவிட்டன. திரும்ப உள்ளே போக ஒரு கோட் வேணும். அந்தக் கோட் அவருடைய போனுக்குத்தான் வரும், கொஞ்ச நேரத்தில் செல்லாமலும் போய்விடும். எங்களுக்கு நேரம் வருகிறபோது அவர் வேலையில். அவருக்கு நேரம் வருகிறபோது இங்கே நடுச்சாமம். இரண்டு மூன்று தரம் முயற்சி செய்துவிட்டு எல்லாரும் விட்டாச்சு.

"என்ர வீட்டில நான் பாட்டுப் போடுறதுக்கு அவன்ட போனுக்கு ஏன் பிள்ளை கோட் போகுது?" என்று அன்ரி ஒருநாள் கேட்டா. நாங்கள் நாலு பேரும் ஆளையாள் பார்த்தோம். கம்பஸில் மூன்று வருசமாக அதிகாரம், உடைமை, கட்டுப்பாடு என்று எத்தனையோ அசைன்மென்ட் எழுதியிருக்கிறோம். இவ்வளவு நேராக ஒரு கேள்வியை நாங்கள் எழுதியதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எங்கட பதில். நாங்கள் கலைப்பீடம். தொழில்நுட்பம் படித்த ஆக்கள் இல்லை. ஆனால் அன்ரியின் கேள்விக்குப் பிறகு வாசித்தும், கேட்டும், கையால் செய்து பார்த்தும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். வீடு முழுக்கப் பாட்டுக் கேட்கிற வசதி மலிவா இல்லையா என்பதை விலைச்சீட்டை மட்டும் வைத்துச் சொல்லேலாது. வாங்கின பெட்டி எத்தனை வருசம் வாங்கின ஆளின் சொல்லைக் கேட்கும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேணும். அப்படிப் பார்த்தால் இன்றைக்கு 'மலிவு' என்று விற்கிற பல பெட்டிகள் மலிவே இல்லை.

முதலில், பல அறைகளில் ஒரே பாட்டை ஒன்றாகக் கேட்பது ஏன் கஷ்டம் என்று விளங்கவேணும். கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கோ. ஒரே அம்பிளிஃபயர், ஒரே வயர், பனையிலும் தென்னையிலும் கட்டின நாலைந்து ஹோர்ன். வயரில் சிக்னல் போகிற வேகத்துக்கு எல்லா ஹோர்னும் ஒரே கணத்தில்தான் பாடும். ஆனால் ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். பக்கத்தில் ஒரு ஹோர்ன், 340 மீற்றர் தள்ளி இன்னொன்று என்றால், தூரத்து ஹோர்னின் சொல் ஒரு செக்கன் பிந்தித்தான் எங்கட காதுக்கு வரும். ஒழுங்கைக்குள் நிற்கிற ஆளுக்கு ஒவ்வொரு அறிவித்தலும் இரண்டு தரம் கேட்பது இதனால்தான்.

வீட்டுக்குள் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை மணிக்கூடு. வயர்லெஸ் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு சின்னக் குவார்ட்ஸ் பளிங்கின் துடிப்பை வைத்துத்தான் பாட்டை வாசிக்கிறது. எந்த இரண்டு பளிங்கும் அச்சொட்டாக ஒரேமாதிரித் துடிக்காது. பத்து லட்சத்துக்கு 20 துடிப்பு வித்தியாசம் என்பது சர்வசாதாரணம். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு ஸ்பீக்கரும் 72 மில்லி செக்கன் விலகிவிடும். இடைவெளி 30, 40 மில்லி செக்கனைத் தாண்டினாலே எங்கட காது அதை எதிரொலியாகப் பிரிக்கத் தொடங்கிவிடும். சாமியறையும் குசினியும் சண்டை பிடிக்கிற மாதிரி இருக்கும்.

ஆகவே யாரோ ஒருவர் நடுவில் நின்று எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கவேணும். பாட்டைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் 'இதை இந்த நேரத்தில் வாசி' என்று எழுதி அனுப்பவேணும். பிந்துகிற ஸ்பீக்கர் ஒலியில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு துளியை விட்டுவிட்டுப் பிடிக்கும், முந்துகிறது ஒரு துளியைச் சேர்த்து மெதுவாகும். ஸ்னாப்காஸ்ட் என்கிற இலவச, திறந்த மூல மென்பொருள் இதைத்தான் செய்கிறது. அதின்ட விலகல் ஒரு மில்லி செக்கனுக்கும் குறைவு. இந்த வேலைக்கு ஒரு பழைய லப்டொப் போதும். அதாவது இந்த நுட்பத்தை ஆரும் பூட்டி வைக்கவில்லை. அப்படியென்றால் அன்ரியின் பெட்டிக்கு ரொறன்ரோவில் இருந்து ஏன் கோட் வரவேணும்?

இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது அன்ரி இடையில் புகுந்து ஒரு கதை சொன்னா. அவ சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் பின்னேரம் கடைக்குப் போனால், ஒழுங்கையின் இந்த முனையில் தொடங்கின பாட்டை ஒரு சொல் விடாமல் மற்ற முனை வரைக்கும் கேட்டுக்கொண்டு போகலாமாம். எல்லா வீட்டிலும் ரேடியோ, எல்லா ரேடியோவிலும் ஒரே நிலையம். யோசித்துப் பாருங்கோ, அது வீடு முழுக்க இல்லை, ஊர் முழுக்கப் பாட்டு. அதில் ஒரு வீட்டு ரேடியோ ஒரு கொம்பனி, அடுத்த வீட்டுது இன்னொரு கொம்பனி. ஒன்றுக்கும் கணக்கு இல்லை, கடவுச்சொல் இல்லை. கொழும்பில் இருந்து வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. நிலையம் யாருடையதாகவும் இருக்கட்டும், பெட்டி வாங்கினவருடையது. கம்பெனி மூடினாலும் பெட்டி பாடிக்கொண்டே இருக்கும். இந்தச் சின்ன உரிமையைத்தான் நாங்கள் எங்களுக்குத் தெரியாமலே கைவிட்டுக்கொண்டு வருகிறோம்.

கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. கடந்த இருபது வருசத்தில் நடந்ததே போதும்.

2015இல் கூகிள் குரோம்காஸ்ட் ஓடியோ என்று ஒரு வட்டச் சில்லு மாதிரியான சாமானை 35 டொலருக்கு விட்டது. எந்தப் பழைய ஸ்பீக்கரிலும் கொழுவலாம், ஒன்றுக்கு மேல் வாங்கினால் அறைகளை ஒன்றாகச் சேர்த்துப் பாட வைக்கலாம். இந்தத் துறையில் அதைவிட மலிவான நல்ல சாமான் வந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2019 ஜனவரியில் அதின்ட உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். சரி, வாங்கினவர்களிடம் இருந்தது ஓடினதுதானே என்கிறீர்களா? 2025 மார்ச்சில் அதுவும் ஒருநாள் நின்றது. உள்ளே வைத்திருந்த பத்து வருசத்து டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. சில நாளில் திருத்தம் அனுப்பினார்கள், உண்மைதான். ஆனால் ஸ்பீக்கர் நல்லம், வயர் நல்லம், பாட்டும் கையில் இருக்கிறது, இருந்தும் எங்கேயோ ஒரு திகதி முடிந்ததால் வீடு அமைதியாகிப் போகும் என்பதை அன்றைக்கு எல்லாரும் கண்டார்கள்.

இன்னொன்று இதைவிடப் பகிடி. அமெரிக்காவில் சோனோஸ் கொம்பனிக்கும் கூகிளுக்கும் காப்புரிமை வழக்கு. 2022 ஜனவரியில் அங்கத்தைய சர்வதேச வர்த்தக ஆணைக்குழு சோனோஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடனே கூகிள் தன்ர ஸ்பீக்கர்களில் ஒரு வசதியை எடுத்துவிட்டது. எது தெரியுமோ? பல அறை ஸ்பீக்கர்களின் சத்தத்தை ஒன்றாகக் கூட்டிக் குறைக்கிற வசதி. நேற்று ஒரு விரலால் குறைத்ததை இன்றைக்கு ஒவ்வொரு ஸ்பீக்கராகக் குறைக்கவேணும். காசு குடுத்து வாங்கியாச்சு, வீட்டில் வைத்தாச்சு, இரண்டு கொம்பனி அடிபட்டதில் உங்கட வீட்டுச் சத்தக் குமிழ் காணாமல் போச்சுது.

வழக்கில் வென்ற சோனோஸாவது ஒழுங்கா? 2020 ஜனவரியில், பழைய ஸ்பீக்கர்களுக்கு அந்த வருசம் மே மாதத்தோடு புதுப்பித்தல் இல்லை என்று அறிவித்து, ஆக்கள் கொதித்தெழுந்த பிறகு தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டார். 2024 மே மாதம் புதிய செயலி ஒன்றை விட்டார்கள். பழையதில் இருந்த அலாரம், தூக்க நேரக் கணக்கு போன்ற வசதிகள் புதியதில் அப்போது இருக்கவில்லை. 2025 ஜனவரியில் அந்தத் தலைமை நிர்வாகி பதவியை விட்டுப் போனார். சோனோஸ் மலிவான சாமானும் இல்லை. விலை கூடினால் சாவி கைக்கு வரும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

இதே காலத்தில் மற்றப் பக்கமாக ஒரு கதை நடந்தது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்னக் கொம்பனி ஸ்குவீஸ்பொக்ஸ் என்று வலையமைப்பில் பாடுகிற பெட்டிகளைச் செய்தது. பெட்டிக்குள் மூளை குறைவு. மூளை முழுக்க உங்கட வீட்டுக் கணினியில் ஓடுகிற ஒரு மென்பொருளில். அந்த மென்பொருள் திறந்த மூலம். 2006இல் லொஜிடெக் இந்தக் கொம்பனியை வாங்கியது, 2012இல் அந்தப் பெட்டி வரிசையையே நிறுத்தியது. வழக்கமாக இந்த இடத்தில் கதை முடியும். ஆனால் மூளை வீட்டில் இருந்ததால் முடியவில்லை. பாவனையாளர்களே மென்பொருளைத் திருத்தித் திருத்தி ஓட வைத்தார்கள். 2024இல் லொஜிடெக் தன் பக்கத்துச் சேர்வரையும் மூடியபோது, அதே மென்பொருள் லிரியன் மியூசிக் சேர்வர் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு நடையைக் கட்டியது. இன்றைக்கும் பழைய பெட்டிகள் பாடுகின்றன. அதோடு, ஸ்குவீஸ்லைட் என்ற ஒரு சின்ன மென்பொருளைப் போட்டால் ராஸ்பெரி பை போன்ற குட்டிக் கணினியும் ஒரு ஸ்குவீஸ்பொக்ஸ் ஆகிவிடும்.

எங்களுக்கு விளங்கினது இதுதான். பெட்டி ஆருடையது, எத்தனை டொலர் என்பதெல்லாம் இரண்டாம் கேள்வி. மூளை எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

பாட்டோடு மட்டும் நிற்காமல், லைட், மின்விசிறி, கேற்று எல்லாவற்றையும் சேர்த்து ஆளுகிற 'ஸ்மார்ட் ஹோம்' மையப் பெட்டி வந்தால் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிறது. அமெரிக்காவில் இன்ஸ்டியன் என்றொரு கொம்பனி இப்படியான மையப் பெட்டிகளை விற்றது. 2022 ஏப்ரலில் ஒரு சொல் சொல்லாமல் சேர்வரை நிறுத்திவிட்டது. ஆக்களின் வீட்டு அப் வேலை செய்யவில்லை, நேரத்துக்கு எரிய வேண்டிய லைட் எரியவில்லை. பிறகு பாவனையாளர்கள் சிலரே காசு போட்டு அந்தக் கொம்பனியை வாங்கி உயிர்ப்பித்தார்கள். அந்த இடைக்காலத்தில் தப்பினது ஆர் என்றால், ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி வீட்டுக்குள்ளேயே ஓடுகிற மென்பொருளோடு தங்கட சாமான்களை இணைத்து வைத்திருந்தவர்கள். 2013இல் போலஸ் ஸ்கௌட்சன் தொடங்கின இந்த ஹோம் அசிஸ்டன்ட் இலவசம், திறந்த மூலம். 2024இல் இருந்து ஓப்பன் ஹோம் பவுண்டேசன் என்ற இலாப நோக்கில்லாத அமைப்பின் கையில் இருக்கிறது.

'அது அமெரிக்கா, எங்களுக்கென்ன' என்று கேட்கலாம். எங்களுக்குத்தான் கூடப் பொருந்தும். லைன் அறுவது என்றால் என்ன என்று எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அதே வருசம் ஏப்ரல் 3 அன்று யூடியூப், ஃபேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் முடக்கினார்கள். எங்கட ஆக்களில் பலருக்குப் பாட்டு என்றாலே யூடியூப்தான். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று அமைச்சர் சொன்ன காரணத்தால் முழு நாடுமே இருண்டது. எங்கட அம்மா அப்பாக்களின் தலைமுறை இதுக்கும் மேலே கண்டது. 90களில் யாழ்ப்பாணத்தில் வருசக்கணக்கில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுத்தி, டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோவும் கசற்றும் கேட்ட ஊர் இது. அப்படிக் கேட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள், ஸ்பீக்கர், பாட்டு, கரண்ட் எல்லாம் கையில் இருக்க, கோட் வரவில்லை என்று துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? அன்ரியின் பேச்சுப் பெட்டிகளை அப்படியே விட்டோம். எங்களில் ஒருத்தியிடம் திரை உடைந்த லப்டொப் ஒன்று கிடந்தது. அதில் லிரியனையும் ஹோம் அசிஸ்டன்டையும் போட்டோம். நாலு பேரும் காசு போட்டு இரண்டு சின்ன ராஸ்பெரி பை வாங்கினோம். ஒன்றை அன்ரியின் பழைய கசற் செற்றின் பின்பக்கத்தில் கொழுவினோம், அது சாமியறைக்கு. மற்றதை எங்கட கணினி ஸ்பீக்கரில் கொழுவிக் குசினிக்கு. விறாந்தைக்கு ஒரு பழைய போன், அதில் ஒரு பிளேயர் அப், அதோடு ஒரு வயர் ஸ்பீக்கர். போன் மட்டும் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் பிந்திப் பாடியது. லிரியனில் ஒவ்வொரு பிளேயருக்கும் தனித்தனியாகத் தாமதத்தைச் சரிக்கட்ட ஒரு இடம் இருக்கிறது. கையைத் தட்டின ஒலியைப் பதிவு செய்து திருப்பித் திருப்பிப் போட்டு, இரண்டு அறைக்கும் நடுவில் நின்று காதால் கேட்டே சரிப்படுத்தினோம்.

பாட்டுக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தது. மாதக் காசு கட்டிக் கேட்கிற சேவைகளும் வாடகை வீடு மாதிரித்தான், காசு நின்றால் வெளியே. அன்ரியின் அலுமாரியில் ஒரு பெட்டி நிறையக் கசற் இருந்தது. முதல் இருந்ததெல்லாம் 95 இடப்பெயர்வோடு போட்டுதாம், இது திரும்பி வந்த பிறகு சேர்த்தது. ஹெட்போன் ஓட்டையில் இருந்து வயர் இழுத்து, ஒவ்வொரு கசற்றாக ஓடவிட்டு லப்டொப்பில் பதிந்தோம். அறுபது நிமிடக் கசற்றுக்கு அறுபது நிமிடம்தான், குறுக்கு வழி இல்லை. ஸ்டடி லீவில் நோட்ஸ் வாசித்துக்கொண்டே அதைச் செய்து முடித்தோம்.

கடைசியாக மையப் பெட்டியின் வேலை. சாமியறை வாசலில் பற்றரியில் ஓடுகிற சின்ன சிக்பீ பொத்தான் ஒன்றை ஒட்டினோம். ஒருதரம் அழுத்தினால் மூன்று இடத்திலும் காலமைப் பாட்டு, நீட்டி அழுத்தினால் நிற்கும். படலையில் ஒரு கதவு உணரி. படலை திறந்தால் குசினிச் சத்தம் தானாகக் குறையும், ஆர் வருகினம் என்று அன்ரிக்குக் கேட்கும். இதில் எதற்கும் இன்ரநெற் தேவையில்லை. ரவுட்டர் வீட்டுக்குள் இருந்தால் போதும், வெளி லைன் அறுந்தாலும் பாடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாங்களும் விளம்பரக்காரர்தான். இந்த வேலை எங்களுக்கு மூன்று சனி ஞாயிறை விழுங்கியது. முதல் கிழமை ஒவ்வொரு நாளும் பொத்தான் வேலை செய்யாமல் போனது. கடைசியில் பார்த்தால், ரவுட்டர் நாளுக்கு நாள் லப்டொப்புக்குப் புது முகவரி குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது, ஹோம் அசிஸ்டன்ட் பழைய முகவரியில் போய்த் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. முகவரியை நிரந்தரமாக்கப் பத்து நிமிடம், அதுதான் பிழை என்று கண்டுபிடிக்க ஐந்து நாள். கரண்ட் முழுக்கப் போனால் எங்கட சிஸ்டமும் சத்தம் போடாது. அப்போது அன்ரியின் பற்றரி ரேடியோதான் ராசா.

இன்னும் பெரிய ஆட்சேபனை ஒன்றும் இருக்கிறது. கொம்பனிப் பெட்டியை வாங்கி வைத்தால் ஐந்து நிமிடத்தில் பாடும். கண் தெரியாத, நடக்க ஏலாத ஒரு முதியவருக்கு வாயால் சொன்னால் பாடுகிற பெட்டி ஒரு விளையாட்டுச் சாமான் இல்லை, அது அவரின் சுதந்திரம். எங்கட முறைக்கு நேரம் வேணும், உதவிக் குறிப்பு முழுக்க இங்கிலிஸ், வீட்டில் விசயம் தெரிந்த ஆள் ஒருத்தர் வேணும். அந்த ஆள் கம்பஸ் முடிந்து போய்விட்டால்? ரொறன்ரோவில் இருந்த சாவி எங்கட அறைக்கு வந்தது, அவ்வளவுதானே? இந்தக் கேள்வி எங்களைக் கொஞ்ச நாள் நித்திரை கொள்ள விடவில்லை.

தொடங்கும்போது தெரிந்த ஆக்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "கம்பியூட்டர் படிக்கிற பெடியன் ஆரையும் கூப்பிடுங்கோவன்." கூப்பிட்டிருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும். நாங்கள் கூப்பிடாததற்கு ரோசமும் ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் சரியான காரணம் வேறு. ஒருத்தருக்கு மட்டும் விளங்குகிற சாமான், அந்த ஒருத்தர் இல்லாத அன்றைக்குத் துணி போட்டு மூடுகிற சாமான் ஆகிவிடும். அதனால் செய்து முடித்த பிறகு, ஒரு சீஆர் கொப்பியில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினோம். எந்த வயர் எங்கே, லப்டொப் நின்றால் எதை அழுத்துவது, புதுப் பாட்டு எந்த இடத்தில் போடுவது, கடவுச்சொல் என்ன. அன்ரி அதை அலுமாரியில் காணி உறுதியோடு வைத்திருக்கிறா. போன மாதம் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது லப்டொப் நின்றுவிட்டது. அன்ரி கொப்பியைப் பார்த்துத் தானே போட்டிருக்கிறா. எங்களுக்குக் கோல் எடுத்தது உதவி கேட்க இல்லை, சொல்லிக்காட்ட.

வாயால் சொல்லுகிற வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சுப் பெட்டி எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்கிற பெட்டி. தன் பெயரைக் கேட்டதும் அடுத்து நாங்கள் சொல்வதைக் கொம்பனியின் சேர்வருக்கு அனுப்புகிறது. அமேசன் எக்கோவின் சில மொடல்களில் 'என் குரல் பதிவை அனுப்பாதே' என்று தெரிவு செய்ய ஒரு இடம் இருந்தது. 2025 மார்ச் 28இல் இருந்து அந்தத் தெரிவை எடுத்துவிட்டார்கள். மெதுவாகக் கதை, சுவருக்கும் காது இருக்கு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். அந்தக் காதை நாங்களே காசு குடுத்து வாங்கிச் சாமியறையில் வைப்பதற்கு முதல் ஒருதரம் யோசிக்கலாம். வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தேவைப்படுகிற ஆளுக்கு வையுங்கோ. தேவை ஒரு பொத்தானோடு முடிகிற வீட்டில் காது எதற்கு?

எல்லாரும் எங்களைப்போல் உடைந்த லப்டொப்போடு மல்லுக்கட்டவேணும் என்று கேட்கவில்லை. கடையில் வாங்குவதென்றால் வாங்குங்கோ. வெளிநாட்டில் இருந்து அனுப்புகிற அண்ணா அக்காமாரும் கேளுங்கோ. வாங்க முதல், அதே பெட்டி இருக்கிற ஒரு வீட்டுக்குப் போங்கோ. ரவுட்டருக்கு வருகிற வெளி லைனைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டைப் போடச் சொல்லுங்கோ. போனில் இருக்கிற பாட்டாவது பாடுதா? அப் திறக்குதா? கையால் அழுத்த ஒரு பொத்தான் இருக்கா, பின்னால் வயர் கொழுவ ஒரு ஓட்டை இருக்கா? வாங்கினால் கணக்கு ஆருடைய பெயரில் திறப்பது? அந்தப் பெயர் பெட்டி இருக்கிற வீட்டில் இருக்கிற ஆளின் பெயராக இருக்கட்டும். இந்தச் சோதனைக்கு இன்ஜினியர் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த அன்று விடிய ஐந்தரைக்கு வழக்கம்போலப் பாட்டுத் தொடங்கியது, மூன்று அறையிலும், ஒன்றாக. எக்ஸாம் காலம், இரவு இரண்டு மணிக்குத்தான் படுத்தோம். காதைப் பொத்திக்கொண்டு, இதை ஏன்தான் செய்து குடுத்தோமோ என்று நாலு பேரும் நொந்துகொண்டோம். நிற்பாட்டுகிற பொத்தான் அன்ரியின் பக்கத்தில் இருக்கிறது.